தெமட்டகொடையிலிருந்து முதல் கேள்வி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் சுபோதினி தனியாக இருந்தாள். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. கலியாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பேச்சுகள் வந்தன, இழுபட்டன, பிறகு வராமலே விட்டன. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது. அம்மா போனபின் அக்கா கனடாவிலிருந்து ஞாயிறுகளில் கதைப்பாள். மற்ற நாட்களில் கடலோர ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். வீட்டில் கேட்கிற சத்தம் அவ்வளவுதான்.

தீவு முழுவதும் கிளைகள் வைத்திருந்த ஓர் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. யாருக்கு என்ன பரிசோதனை, எந்தக் குழாயில் யாருடைய இரத்தம், முடிவு என்ன என்பதெல்லாம் அதற்குள் இருந்தன. கொரோனாக் காலத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அது முடிந்து மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டபோது அவளை மட்டும் கூப்பிடவில்லை. "உங்களுக்கு வீட்டில இருந்தே செய்யலாம்தானே மிஸ்" என்றார்கள். சலுகை போலத்தான் சொன்னார்கள். அவளும் நன்றி சொன்னாள்.

ஒழுங்காக ஓடுகிற தரவுத்தளத்தைப் பற்றி யாரும் தொலைபேசி எடுத்து விசாரிப்பதில்லை. சுபோதினியின் தரவுத்தளம் ஒழுங்காகவே ஓடியது. சில நாட்களில் பொழுதுபட்டு, கீழே கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதுதான் அன்று இதுவரை தான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். கடைக்காரரிடம் சிங்களத்தில் இரண்டு சொல் சொல்ல வாய் திறந்தால் குரல் கரகரக்கும்.

அப்படியிருந்தவளுக்கு ஒரு காலை கொட்டாஞ்சேனைக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் தாரிகா.

"மிஸ், சிஸ்டம் இழுக்குது. ஒரு ஆளுட பேரை அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு. சனம் கத்துது மிஸ்."

கொட்டாஞ்சேனைதான் நிறுவனத்தின் மிகப் பெரிய கிளை. விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அங்கே வாசல்வரை நிற்பார்கள். சுபோதினி கணினியைத் திறந்து பார்த்தாள். கிளை தன் நோயாளர்களின் விவரங்களைக் கேட்கும் அந்த ஒரே கேள்விதான் சிக்கியிருந்தது. அதே கேள்வியை எடுத்து, கொட்டாஞ்சேனையின் இலக்கத்தைத் தன் கையாலேயே எழுதி ஓட்டிப் பார்த்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிட்டது. அப்படியானால் பிழை தரவுத்தளத்தில் இல்லை, இணைப்பிலோ அங்குள்ள கணினிகளிலோதான் என்று நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று எந்த அட்டவணையில் எவ்வளவு பதிவு என்று தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தாரிகா மறுபடி எடுத்தாள்.

"இப்ப நல்லாயிருக்கு மிஸ்! என்ன செஞ்சீங்க?"

என்ன செய்தேன் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு முறை அப்படி நடந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூட. பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு காலையும் தாரிகா எடுத்தாள். புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தால் சரியாகும், மறுநாள் திரும்ப இழுக்கும். இணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் பக்கம் பிழை இல்லை என்றார்கள். கொட்டாஞ்சேனையின் கணினிகளை மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

சுபோதினி விடியமுன் எழும்பி, முகம் கழுவி, தலை வாரி, தேநீரோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காரப் பழகினாள். தாரிகா எடுப்பாள், பிறகு கிளைகளுக்கெல்லாம் பொறுப்பான முகாமையாளர் றொஹான் எடுப்பார், சரியானபின் தாரிகா திரும்பவும் எடுப்பாள். ஒருநாள் தாரிகா, "மிஸ், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். அன்று பகல் முழுவதும் சுபோதினிக்கு அந்தக் கேள்வி நினைவில் நின்றது. இந்தக் கோளாறு வந்தபின் தான் சந்தோஷமாக இருக்கிறேனோ என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததை உடனே வெறுத்தாள்.

பொன்னம்பலம் என்ற முதியவர் விழுந்தது அந்த வாரத்தில்தான். இரத்தத்தில் சீனி பார்ப்பதற்காக முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தி வந்தவர். பெயரைப் பதிந்து, குழாயில் ஒட்டும் சிட்டை வந்தால்தான் இரத்தம் எடுக்கலாம். சிட்டை வரவில்லை. நின்று நின்று தலைசுற்றி விழுந்ததில் வாங்குப் பலகையின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது.

"இரத்தம் மிஸ்" என்று தாரிகா தொலைபேசியில் அழுதாள். "நான் என்ன மிஸ் செய்றது? எனக்கிட்டத்தான் எல்லாரும் கத்துறாங்க."

சுபோதினி வழக்கம்போல் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து த்ரீவீலில் கொட்டாஞ்சேனை. அந்தக் கிளைக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. தாரிகாவை நெடுத்த பெண் என்று மனதில் வைத்திருந்தாள். மேசைக்கு மேலால் தலை மட்டும் தெரிகிற சின்ன உருவம் அது.

"நீங்கதான் சுபோ மிஸ்ஸா? நான் இன்னும் வயசானவங்கன்னு நினைச்சேன்" என்று தாரிகா வீங்கிய கண்களோடு சிரித்தாள்.

கூட்டம் குறைந்தபின் இருவரும் பின்னறையில் தேநீர் குடித்தார்கள். பேச்சோடு பேச்சாக, "வெள்ளிக்கிழமைகள்ல மட்டும் நல்லா ஓடும் மிஸ்" என்றாள் தாரிகா. "அன்னைக்கு நாங்க சாமிப் படத்துக்குப் பூ வைக்கிறது. அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

சுபோதினியும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. தன்னை அழைத்த நாட்களை மனதில் ஓட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒன்றிலும் யாரும் எடுத்திருக்கவில்லை.

தரவுத்தளத்துக்கு வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. "இந்தக் கிளையின் விவரங்களைக் காட்டு" என்று நூறு பேர் கேட்பார்கள். கிளையின் இலக்கம் மட்டும் மாறும். ஒவ்வொரு முறையும் அந்த வாசகத்தைப் படித்து, பிழை பார்த்து, எந்த அட்டவணையை முதலில் திறப்பது, எந்த வழியால் தேடுவது என்று புதிதாகத் தீர்மானிப்பதென்றால் வேலை மிஞ்சிவிடும். ஆகவே இலக்கத்துக்கு மட்டும் வெற்றிடம் விட்டு வாசகத்தை முன்கூட்டியே தயாரித்து வைப்பார்கள். தரவுத்தளம் முதல்முறை அதற்கு ஒரு வழியைத் திட்டமிட்டு, அந்தத் திட்டத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவருக்கு வெற்றிடத்தை நிரப்பி அதே திட்டத்தை ஓட்டும். இதெல்லாம் சுபோதினிக்கு இருபது வருடமாகத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் ஒன்றை அவள் பார்க்கத் தவறியிருந்தாள். அந்தத் தரவுத்தளம் முதல்முறை திட்டம் போடும்போது, முதலில் கேட்டவருடைய இலக்கத்தைப் பார்த்து, அவருக்கு எது வசதியோ அப்படித்தான் போடும்.

திங்கட்கிழமை காலை தாரிகா எடுத்தபோது, "ஒரு நிமிசம் பொறும்மா, நான் ஒண்டு பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, எதையும் புதுப்பிக்காமல், நினைவகத்தில் இருந்த திட்டத்தைத் திறந்து பார்த்தாள். எந்த இலக்கத்துக்காக அது போடப்பட்டது என்பதும் அதற்குள்ளேயே பதிவாகியிருந்தது. இலக்கம் கொட்டாஞ்சேனையுடையது அல்ல. தெமட்டகொடையுடையது.

தெமட்டகொடையில் இருந்தது ரயில்வே வளவுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இயங்கும் சின்ன நிலையம். ஒருநாளைக்குக் கைவிரலில் எண்ணக்கூடிய நோயாளர்கள் வந்தால் பெரிது. அத்தனை குறைந்த ஆட்களுக்கு ஒவ்வொருவராகத் தேடிப்போய் எடுத்து வருவதுதான் சுருக்கவழி. தரவுத்தளம் அப்படியே திட்டமிட்டிருந்தது. அதே திட்டத்தைக் கொண்டு கொட்டாஞ்சேனையின் லட்சக்கணக்கான பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேடப் போய்த்தான் மூச்சுமுட்டி நின்றது. எப்போதோ இருந்த ஒரு கோளாறுக்காக சேர்வர் தினமும் விடியமுன் தானாக நின்று தொடங்கும். அப்போது பழைய திட்டங்கள் எல்லாம் அழிந்துவிடும். அதற்குப்பின் முதலாவதாக யார் கேட்கிறார்களோ, அன்றைய நாள் அவர்களுடையது. புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும்போது தரவுத்தளம் பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து கேட்ட கொட்டாஞ்சேனைக்காகப் புதிதாகப் போட்டது. அவள் கையால் இலக்கம் எழுதி ஓட்டியது தரவுத்தளத்தின் கண்ணில் வேறு ஒரு வாசகம். அதற்கு வேறு திட்டம். அதனால்தான் அவளுக்கு மட்டும் எப்போதும் வேகமாக வந்தது.

அவள் உடனே புள்ளிவிவரத்தைப் புதுப்பித்துக் கொட்டாஞ்சேனையை விடுவித்தாள். பிறகு தெமட்டகொடைக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே தூக்கப்பட்டது.

"தெமட்டகொட சென்டர். செல்லுங்க."

"நான் சுபோதினி, ஐடியில இருந்து. ஆர் கதைக்கிறது?"

"பலீல், மிஸ். ஏதும் பிழையா?"

"பிழை ஒண்டும் இல்லை நானா," என்று முஸ்லிம் பெரியவர்களைக் கூப்பிடும் முறையில் சொன்னாள். "நீங்கள் காலமை வெள்ளெனவோ திறக்கிறனீங்கள்?"

"சனத்துக்குத் தொறக்கிறது நேரத்துக்குத்தான் மிஸ். நான் மட்டும் கொஞ்சம் வெள்ளன வாற."

"ஏன்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபின்தான் தனக்கு அது தேவையில்லை என்று பட்டது.

"ஊட்டுல ஆருமில்ல மிஸ். பொஞ்சாதி நோம்புக்கு முந்தி மௌத்தாகிட்டா. புள்ளைகளும் இல்ல. விடிய ஸுபஹு தொழுதிட்டுப் பள்ளியால எறங்கினா, ஊட்டுக்குப் போய் என்ன செய்ற? மொதல்ல இடைக்கிட வந்தன், இப்ப ஒவ்வொரு நாளும் வாற. லைட்டப் போட்டு, கம்ப்யூட்டரப் போட்டு, நேத்து எடுத்த ரத்தத்துக்கு ரிப்போட் வந்திச்சான்னு பாக்கிற. அதுல பேரெல்லாம் ஈக்குதானே. நல்லா வந்திருந்தா மனசுக்கு ஒரு மாதிரி சந்தோஷம்."

சுபோதினி மேசை நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமையில வாறேல்லையோ?" என்றாள்.

"வெள்ளிக்கிழம குப்பியாவத்தைக்குப் போற, பொஞ்சாதிட கபுறடிக்கு. ஒங்களுக்கு எப்பிடி மிஸ் தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுது" என்றாள். மேற்கொண்டு கேட்காமல் வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் சோதனைப் பிரதி ஒன்றில் வேலை செய்தாள். செய்யவேண்டியிருந்தது பெரிய காரியமில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் திட்டத்தைச் சேமித்து வைக்காதே, ஒவ்வொரு முறையும் கேட்கிற கிளையைப் பார்த்துப் புதிதாகப் போடு என்று ஒரு வரி. அதனால் கூடும் வேலை அற்பம். திருத்தத்தை ஏற்றுமுன் றொஹானுக்கு நடந்ததை விளக்கி மின்னஞ்சல் எழுதினாள். விளக்கம் தெளிவாக இருக்கட்டும் என்று தெமட்டகொடையின் பெயரையும் எழுதினாள்.

றொஹான் எடுத்தார். "சிம்பிளாச் சொல்லுங்க மிஸ். அந்த ஆள் லேட்டா வந்தா சரிதானே?"

"அவர் வாறதில பிழையில்லை. நான் ஒரு வரி மாத்தினால் ஆர் முதல்ல வந்தாலும் ஒண்டுதான்."

"ஓகே, ஓகே. நீங்க மாத்துங்க."

அன்று மாலையே மாற்றினாள். மறுநாள் காலை முகம் கழுவி, தேநீரோடு உட்கார்ந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் அவளே தாரிகாவுக்கு எடுத்தாள்.

"சூப்பரா ஓடுது மிஸ்! கொஞ்சம் பிஸி, பிறகு எடுக்கிறேன் என்ன."

பிறகு எடுக்கவில்லை. எடுக்கக் காரணமும் இல்லை.

திருத்தம் சரியா என்று பார்ப்பதற்காக அந்த வாரம் முழுவதும் காலைப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். வேகம் சீராக இருந்தது. ஆனால் விடியற்காலையில் தெமட்டகொடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. எல்லாக் கிளைகளும் திறந்தபின்தான் அது விழித்தது. மூன்றாம் நாள் பொறுக்காமல் எடுத்தாள்.

"மெனேஜர் செல்லிட்டாரு மிஸ், நேரத்துக்கு முந்தி தொறக்கக் கூடாதாம்" என்றார் பலீல். குரல் தாழ்ந்திருந்தது. "நான் வெள்ளன வந்ததாலயாம் கொட்டாஞ்சேனையில ஒரு பெரியவர் மயங்கி விழுந்து மண்ட ஒடஞ்ச. எனக்குத் தெரியா மிஸ். அல்லா அறிய எனக்குத் தெரியா."

"இல்லை நானா. அது உங்கடை பிழையில்லை. நீங்கள் கேட்டதுக்குக் கம்ப்யூட்டர் பதில் சொன்னது. அதை வைச்சுக்கொண்டு மற்ற ஆக்களுக்கும் அப்பிடியே செய்தது அதின்ரை பிழை. பாத்திருக்க வேண்டியவள் நான்."

"பரவால்ல மிஸ். இப்ப பள்ளியிலேயே கொஞ்சம் கூட நேரம் குந்துற. அவங்களும் பூட்டணும்தானே. பொறகு ரோட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிற."

அவள் வைத்துவிட்டு றொஹானுக்கு எடுத்தாள். அந்த நிறுவனத்தில் அவள் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை.

"றொஹான், அந்த மனிசனிட்டை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மிஸ், ஒரு சேப்டிக்குத்தான்..."

"திருத்தியாச்சு. அவர் எந்த நேரமும் வரலாம். அந்தப் பெரியவர் விழுந்ததுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லையெண்டு நீங்களே சொல்லவேணும்."

"சரி மிஸ், பிறகு சொல்றேன்."

"இப்ப சொல்லுங்கோ. அவரையும் இந்த லைனுக்கு எடுங்கோ. நான் நிக்கிறன்."

றொஹான் எடுத்தார். சொன்னார். பலீல் "சரி சேர், சரி சேர்" என்று மட்டும் சொன்னார். மூவரும் வைத்துவிட்டார்கள். இதை யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. கனடாவில் அப்போது நடுச்சாமம்.

மறுநாள் பதிவின் முதல் வரியில் தெமட்டகொடை இருந்தது.

அதன்பின் அந்தக் கேள்வி ஒருநாளும் இழுக்கவில்லை. மழைக்காலம் வந்தது, கடல் கறுத்தது, உப்புக்காற்றில் ஜன்னல் கொளுவிகள் துருப்பிடித்தன. தாரிகா வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்று ஒரு பொது மின்னஞ்சலில் அறிந்தாள். பொன்னம்பலத்தின் புருவத்துக் காயம் ஆறியதோ என்று கேட்க நினைத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டாள்.

ஒரு புதன்கிழமை சுபோதினி சாப்பிடாமல் விடிய எழும்பித் தெமட்டகொடைக்குப் பஸ் ஏறினாள். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது, தானும் பார்க்கவேண்டும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். நிறுவனத்தின் கிளையொன்று வெள்ளவத்தையிலும் இருக்கிறது, வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

நிலையத்தில் வெளிச்சம் இருந்தது. உள்ளே வெள்ளைத் தொப்பியும் கண்ணாடியும் அணிந்த மெலிந்த மனிதர் ஒருவர். இரத்தம் எடுப்பதும் பெயர் பதிவதும் அவர்தான். பெயர் கேட்டார். சொன்னாள். அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"ஐடி மிஸ்ஸா?"

"ஓம் நானா."

"குந்துங்க மிஸ், குந்துங்க" என்று கதிரையைத் துடைத்தார். தொலைபேசியில் இருந்த இலகு நேரில் இல்லை. அவர் அவளுடைய கையைப் பிடித்து, பட்டியைக் கட்டி, நரம்பை விரலால் தடவித் தேடினார். ஒரு மனிதக் கை தன்மேல் பட்டு எவ்வளவு காலம் என்று சுபோதினிக்கு நினைவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நோகுதா?"

"இல்லை."

"அமுக்கிப் புடிச்சிக்கோங்க மிஸ்" என்று பஞ்சை வைத்தார். அதற்குள் பிள்ளையோடு ஒரு தாய் வந்துவிட்டாள். பின்னால் இன்னொருவர். பலீல் அவர்களிடம் திரும்பினார். சுபோதினி கொஞ்ச நேரம் கதவடியில் நின்றாள். பிறகு வீதிக்கு இறங்கினாள்.

மறுநாள் காலை, அவள் தேநீர் வடிக்கும்போது தொலைபேசி அடித்தது.

"மிஸ், பலீல். ஒங்கட ரிப்போட் வந்திச்சு. சீனி கொஞ்சம் கூட. பயப்பட ஒண்டுமில்ல, டொக்டர்ட காட்டுங்க. மூணு மாசத்தால திரும்ப வாங்க."

தன்னுடைய எல்லா நோயாளர்களுக்கும் அவர் இப்படித்தான் எடுத்துச் சொல்வார் போலும் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் தொலைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"ஓம் நானா," என்றாள். "வாறன்."